மறுத்த பெண்ணுக்கும் ஒரு பாதுகாப்பு ஆணை



சென்னை எழும்பூர் நீதிமன்றம் 2004 நவம்பர் 5 அன்று வழங்கிய ஒரு தீர்ப்பிலிருந்து தொடங்குகிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின்கீழ் இந்தியாவில் விதிக்கப்பட்ட முதல் தண்டனை என்று சட்ட நூல்கள் குறிப்பிடும் தீர்ப்பு அது. ஒரு பெண்ணின் பெயரில் பொய்யான மின்னஞ்சல் கணக்கு ஒன்றைத் திறந்து, யாஹூ குழுக்களில் அவரைப் பற்றி ஆபாசமான செய்திகளைப் பரப்பினார் ஒருவர். அவற்றைப் படித்த முன்பின் தெரியாத ஆண்கள் அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினார்கள். பிப்ரவரியில் அவர் புகார் கொடுத்தார். காவல்துறை மும்பை வரை போய் அந்த ஆளைப் பிடித்தது. அதே ஆண்டுக்குள் விசாரணை முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டது. இணையக் குற்றம் என்றால் என்னவென்று காவல்துறையே கற்றுக்கொண்டிருந்த காலத்தில் இது பாராட்ட வேண்டிய வேகம். ஆனால் அந்த ஆள் எந்தெந்தப் பிரிவுகளில் தண்டிக்கப்பட்டார் என்பதைப் பாருங்கள். நற்பெயரைக் கெடுக்கப் பொய் ஆவணம் புனைந்ததற்காக இந்திய தண்டனைச் சட்டம் 469, பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் சொல்லுக்காக 509, ஆபாசத்தை வெளியிட்டதற்காகத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67. அவர் அந்தப் பெண்ணை மணந்துகொள்ள விரும்பி, மறுக்கப்பட்டவர். மறுப்பை ஏற்காமல் விடாது துரத்தினார் என்பதுதான் வழக்கின் உயிர்நாடி. அந்தத் துரத்தலுக்கு அன்றைய சட்டத்தில் பெயரே இல்லை. அவர் ஆபாசம் எதுவும் கலக்காமல், மரியாதையான தமிழிலேயே நாளுக்கு நூறு செய்தி அனுப்பியிருந்தால் எந்தப் பிரிவில் வழக்குப் போட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தால் சட்டத்தின் வெற்றிடம் புரியும்.

அந்தப் பெயர் கிடைக்க மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் அறிக்கை தந்தது. அதையொட்டி வந்த குற்றவியல் சட்டத் திருத்தம் 354டி என்ற பிரிவைச் சேர்த்தது. ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்பதைத் தெளிவாகக் காட்டிய பிறகும் அவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் தொடர்புகொள்ள முயல்வதும் குற்றம். அவருடைய இணையப் பயன்பாட்டையும் மின்னஞ்சலையும் பிற மின்னணுத் தொடர்புகளையும் கண்காணிப்பதும் குற்றம். முதல் முறை மூன்று ஆண்டு வரை சிறை, மறுமுறை ஐந்து ஆண்டு வரை. இந்திய சட்ட வரலாற்றில் இது சிறிய காரியமன்று. சொல்லின் ஆபாசத்தை விட்டுவிட்டு, பெண்ணின் மறுப்பைக் குற்றத்தின் இலக்கணத்துக்குள் முதல்முறையாகக் கொண்டுவந்த பிரிவு இது. நாடாளுமன்றம் அதை மனமுவந்து செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விவாதத்தின்போது, நம்மில் பெண்களைப் பின்தொடராதவர் யார் என்ற பொருள்பட மக்களவையிலேயே ஓர் உறுப்பினர் பேசினார். முதல் குற்றத்துக்குக் காவல் நிலையத்திலேயே பிணை கிடைக்கும் என்ற வடிவில்தான் சட்டம் நிறைவேறியது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவும் ஏறத்தாழ அதே வாசகத்தைத்தான் சுமந்திருக்கிறது.

என் வாதம் இங்கே தொடங்குகிறது. துரத்தலுக்குப் பெயர் கிடைத்துவிட்டது, தண்டனையும் கிடைத்துவிட்டது. துரத்தப்படும் பெண் கேட்பது மட்டும் இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை. அவர் கேட்பது ஒன்றே ஒன்று: இது நிற்க வேண்டும், இன்றே நிற்க வேண்டும். தண்டனைச் சட்டம் நடந்து முடிந்ததைப் பார்க்கும் சட்டம். புகார், முதல் தகவல் அறிக்கை, சாட்சி, குற்றப்பத்திரிகை, விசாரணை, தீர்ப்பு என்று அது நடக்கும் பாதையில் இரண்டு மூன்று ஆண்டுகள் எளிதாகக் கழிந்துவிடும். அத்தனை காலமும் துரத்தல் தொடரலாம். முதல் நாளே பிணையில் வந்த ஆத்திரத்தில் முன்னைவிட மோசமாகலாம். ஆகவே இணையவழித் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டத்தின் முதல் கருவி, நீதிமன்றம் சில நாட்களுக்குள் வழங்கும் தொடர்புத் தடை ஆணையாக இருக்க வேண்டும். சிறைத் தண்டனை அந்த ஆணையை மீறுகிறவருக்காகக் காத்திருக்க வேண்டும்.

இது வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்த யோசனை என்று யாரும் எண்ண வேண்டாம். இதன் தேவையை நம் காவல் நிலையங்கள் நெடுநாளாக உணர்ந்தே இருக்கின்றன. ஒரு பெண்ணும் அவருடைய தந்தையும் ஸ்கிரீன்ஷாட்டுகளை அச்செடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கொடுப்பார்கள். தொல்லை தரும் பையனைக் கூப்பிட்டு விடுவார்கள். அவனோடு அவன் அப்பாவோ, ஊர்ப் பெரியவர் ஒருவரோ வருவார். "இனிமேல் இந்தப் பெண்ணுக்கு எந்த வகையிலும் தொந்தரவு கொடுக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். பெண்ணிடம், நம்பரை மாத்திடும்மா, ஃபேஸ்புக்கை மூடிடும்மா என்று அறிவுரை சொல்வார்கள். எழுதி வாங்கும் அந்தத் தாளை எள்ளி நகையாட நான் விரும்பவில்லை. வழக்கு வேண்டாம், தொல்லை நின்றால் போதும் என்று கேட்கும் குடும்பத்துக்கு, தண்டனைச் சட்டத்தில் விடையில்லாதபோது காவலர்கள் தாங்களே கண்டுபிடித்த விடை அது. அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்தத் தாளுக்குச் சட்ட வலு கிடையாது. அதை மீறினால் மீறியதற்கென்று ஒரு தண்டனையும் இல்லை. ஆய்வாளர் மாறுதலாகிப் போனால் தாளும் எங்கோ போய்விடும். மறுபக்கத்தில், அந்தப் பையன் உண்மையிலேயே தவறு செய்யாதவனாக இருந்தால் அவன் தரப்பைச் சொல்லவும் அங்கே வழியில்லை. மிரட்டலுக்குப் பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவான். இருவருக்கும் நியாயம் கிடைக்காத இந்த ஏற்பாட்டை, இருவரையும் கேட்டு முடிவெடுக்கும் ஒரு நடுவரின் ஆணையாக உயர்த்துங்கள் என்பதுதான் கோரிக்கை.

அப்படி ஓர் ஆணை நம் சட்டப் புத்தகத்தில் ஏற்கனவே இருக்கிறது என்பதுதான் இதில் மிகவும் உறுத்தும் உண்மை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, நேரிலோ, வாய்மொழியாகவோ, எழுத்திலோ, மின்னணு வழியிலோ, தொலைபேசியிலோ அந்தப் பெண்ணைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று எதிர்த்தரப்புக்கு ஆணையிட நடுவருக்கு அதிகாரம் தருகிறது. மனுவின் முதல் விசாரணை பொதுவாக மூன்று நாட்களுக்குள் வர வேண்டும். அவசரமென்றால் 23-ஆம் பிரிவின்படி எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால ஆணை தரலாம். ஆணையை மீறினால் 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. இதைவிடத் தெளிவான ஏற்பாட்டை எங்கே தேடுவது? ஆனால் இந்தச் சட்டம் ஒரே வீட்டில் வாழ்ந்த அல்லது வாழும் உறவுக்கு மட்டுமே பொருந்தும். அதன் விளைவு இது: ஓர் ஆளை மணந்து, அவனோடு வாழ்ந்து, துன்பப்பட்டு வெளியேறிய பெண்ணுக்கு "அவன் என்னைத் தொடர்புகொள்ளக் கூடாது" என்ற ஆணை கிடைக்கும். அதே ஆளைத் தொடக்கத்திலேயே வேண்டாம் என்று சொன்ன பெண்ணுக்கு இந்தச் சட்டத்தின் கதவு திறக்காது. சிவில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து உறுத்துக் கட்டளை கேட்கலாம், உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்பார்கள். வழக்கறிஞர் கட்டணமும் வாய்தாக்களும் ஒரு கல்லூரி மாணவியால் தாங்கக்கூடியவையா என்பதை இந்த அவையில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிற நாடுகள் இந்த இடத்துக்கு எப்படி வந்தன என்பது பயனுள்ள பாடம். பிரிட்டன் 1997-இல் இயற்றிய துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம், எந்தக் கருவியால் துன்புறுத்தினார் என்று பட்டியல் போடவில்லை. குறைந்தது இரண்டு முறை நிகழும் தொடர் நடத்தை என்பதை அளவுகோலாக வைத்தது. குற்ற வழக்கோடு தடை ஆணைக்கும் அதே சட்டத்தில் இடம் கொடுத்தது. 2019-இல் வந்த இன்னொரு சட்டம், தண்டனைத் தீர்ப்புக்குக் காத்திராமல் காவல்துறையே நீதிமன்றத்தை அணுகி ஆணை பெறலாம் என்றது. சிங்கப்பூரின் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரும் ஓர் எடுத்துக்காட்டை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நிறுத்தச் சொன்ன பிறகும் ஒருவருக்கு நாள்தோறும் பூ அனுப்பிக்கொண்டிருப்பது அந்தச் சட்டப்படி பின்தொடர்தல். பூவில் ஆபாசம் இல்லை, மிரட்டல் இல்லை. வேண்டாம் என்ற பிறகும் வருகிறது என்பது மட்டுமே அதைத் துன்புறுத்தலாக்குகிறது. விரைவு ஆணைகளுக்கு அந்தச் சட்டத்திலேயே வழியிருக்கிறது. 2021 ஜூன் முதல் இதற்கென்று தனி நீதிமன்றமும் அங்கே இயங்குகிறது.

நேர்மாறான பாதையில் போய் அடிபட்டது ஜப்பான். 2000-இல் அது இயற்றிய சட்டம் தொலைபேசி, ஃபேக்ஸ் என்று கருவிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. 2012-இல் ஸூஷி நகரத்தில் ஒரு பெண் கொல்லப்பட்டார். கொலையாளி அதற்கு முன் அவருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்தார். பட்டியலில் மின்னஞ்சல் இல்லாததால் காவல்துறையால் அந்தச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்க முடியவில்லை. மறு ஆண்டு மின்னஞ்சலைச் சேர்த்தார்கள். 2016-இல் ஓர் இளம் பாடகி கத்தியால் குத்தப்பட்டார். குத்தியவர் முன்பு அவரைத் துரத்தியது ட்விட்டரில். அந்த ஆண்டின் இறுதியில் சமூக ஊடகத்தைச் சேர்த்தார்கள். காரில் ரகசியமாக ஜிபிஎஸ் கருவி பொருத்துவது சட்டத்தில் சொல்லப்பட்ட கண்காணிப்பாகாது என்று 2020-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்ல, 2021-இல் அதையும் சேர்த்தார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் யாரோ ஒருவர் துன்பப்பட வேண்டியிருந்தது. நம் தமிழ்நாட்டுக்கும் இது அந்நியமான கதையன்று. சென்னையில் ஒரு கல்லூரி மாணவி துன்புறுத்தலுக்கு ஆளாகி உயிரிழந்த பின் 1998-இல் வந்த பெண் துன்புறுத்தல் தடைச் சட்டம் கல்வி நிலையம், கோயில், பேருந்து நிறுத்தம், திரையரங்கு, பூங்கா, கடற்கரை என்று இடங்களை அடுக்கியது. துன்புறுத்துகிறவன் பெண்ணின் கைப்பேசிக்குள்ளேயே வந்து நிற்பான் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. 2025 ஜனவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம்தான் டிஜிட்டல் வழியை வெளிப்படையாகச் சேர்த்தது. நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியும் இணையம், மின்னஞ்சல், மின்னணுத் தொடர்பு ஆகியவற்றின் பயன்பாட்டைக் கண்காணிப்பது பற்றியே பேசுகிறது. ஸ்கூட்டியின் இருக்கைக்கு அடியில் ஒட்டிவைக்கப்படும் சிறு டிராக்கர் அதில் அடங்குமா என்பது வழக்கறிஞர்கள் வாதிட வேண்டிய கேள்வியாக இருக்கிறது. இப்படிப்பட்ட கேள்விக்கே இடம் வைக்காமல் எழுதப்பட்டிருக்க வேண்டிய பிரிவு அது.

காலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குச் சேலம் மாவட்டத்தில் 2016 ஜூன் மாதம் நடந்ததைவிட வேறு சான்று வேண்டாம். ஓர் இளம்பெண்ணின் முகத்தை மார்ஃபிங் செய்த படம் ஃபேஸ்புக்கில் வந்தது. பெற்றோர் காவல்துறையில் புகார் கொடுத்தார்கள். ஃபேஸ்புக்கிடமிருந்து விவரம் வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்த நாட்களில் அடுத்த படமும் வந்தது. புகார் கொடுத்து ஒரு வாரம் ஆவதற்குள் அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். விசாரணையின்போது காவலர் ஒருவர் கைப்பேசி ஒன்றை லஞ்சமாக வாங்கினார் என்ற புகாரும் வெளிவந்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டார். பின்னர் கைதானவர், அந்தப் பெண்ணை மணக்க விரும்பி மறுக்கப்பட்டவர் என்று காவல்துறை சொன்னது. எழும்பூர் வழக்குக்கும் இதற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. துரத்தலைத் தொடங்கிவைத்த காரணம் மட்டும் மாறவில்லை. அந்த லஞ்சம் தனி மனிதரின் இழிவு என்று ஒதுக்கிவிடலாம். அந்தக் காத்திருப்பு சட்டத்தின் அமைப்பிலிருந்தே வருவது. தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றத்தை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்யலாம் என்கிறது அதன் 78-ஆம் பிரிவு. மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. புதிய சாட்சியச் சட்டத்தில் அந்தச் சான்றிதழோடு கோப்பின் ஹாஷ் மதிப்பும் நிபுணரின் கையொப்பமும் வேண்டும். ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் வழக்கில் இந்தக் கண்டிப்பு தேவையானதே. ஆனால் "இவருக்குச் செய்தி அனுப்பாதே" என்ற ஆணைக்கு இவ்வளவும் தேவைப்படாது. பெண்ணின் பிரமாணப் பத்திரமும் கைப்பேசித் திரையில் உள்ளதும் எதிர்த்தரப்பின் பதிலும் போதும்.

படங்களைப் பொறுத்தவரை சட்டம் ஓரளவு இந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது. அந்தரங்கப் படங்களைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு இடைநிலை நிறுவன விதிகள் வரையறுத்தன. மார்ஃபிங் செய்த படமும் அதில் அடங்கும். நீக்கிய படம் மீண்டும் முளைக்கும் ஒவ்வொரு முறையும் பெண்ணே புது இணைப்பைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்பது கொடுமை என்பதை டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உணர்ந்து, தேடுபொறி நிறுவனங்களின் பொறுப்பைக் கூட்டியது. 2025-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு பெண் வழக்கறிஞரின் வழக்கு வந்தது. சட்டம் தெரிந்தவர், உயர் நீதிமன்றம் வரை வரக்கூடியவர். அவருடைய அந்தரங்கப் படங்களும் காட்சிகளும் நீக்க நீக்க வேறு தளங்களில் வந்துகொண்டே இருந்தன. விசாரணையின் பெயரால் ஆண் காவலர்கள் பலர் முன்னிலையில் அந்தக் காட்சியைப் பார்த்து அடையாளம் காட்டும் நிலைக்கு அவரை ஆளாக்கியிருந்தார்கள் என்பதை நீதிபதி கடுமையாகக் கண்டித்தார். இன்னொரு ஓட்டையும் உண்டு. வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிடுவது குற்றம் என்று சொல்லும் நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு, பின்தொடர்தலுக்கு ஆளானவரைக் காக்கவில்லை. அந்தப் பாதுகாப்பு இருந்த பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கிலேயே 2019-இல் பெண்ணின் அடையாளம் அரசுத் தரப்பிலிருந்து வெளியாகி, இழப்பீடு தர உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. பாதுகாப்பே இல்லாத இடத்தில் எத்தனை பேர் வாய்மூடி இருப்பார்கள்!

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, பேச்சுரிமை. இணையத்தில் பெண்களைக் காக்கிறோம் என்று வரும் ஒவ்வொரு சட்டமும் கடைசியில் அரசை விமர்சிப்பவரின் கழுத்தில் விழுகிறது என்பார்கள். இந்த அச்சத்துக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. நான் அதை முழுமையாக மதிக்கிறேன். தொல்லை தரும், எரிச்சலூட்டும் செய்திகளைத் தண்டிக்க வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, 2012-இல் மும்பையை அடுத்த பால்கரில் முழு அடைப்பைப் பற்றி முகநூலில் கருத்துச் சொன்ன ஒரு பெண்ணையும் அதற்கு விருப்பம் தெரிவித்த இன்னொரு பெண்ணையும் கைது செய்யப் பயன்பட்டது. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. நீக்கிய பல ஆண்டுகளுக்குப் பின்னும் காவல் நிலையங்கள் அந்தப் பிரிவில் வழக்குப் பதிந்துவந்தது தெரிந்து 2021-இல் அந்த நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. கேரள அரசு 2020 நவம்பரில் இதே காரணம் சொல்லி தன் காவல் சட்டத்தில் 118ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்து, எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணம் ஒரு சிறுமியின் மரணத்துக்குப் பின் 2013-இல் இயற்றிய இணையப் பாதுகாப்புச் சட்டத்தை 2015-இல் நீதிமன்றம் செல்லாது என்றது. இலங்கையில் 2024-இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் பெண்களையும் குழந்தைகளையும் முன்னிறுத்தித்தான் நியாயப்படுத்தப்பட்டது. எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அது ஓர் ஆணைக்குழுவின் கையில் கொடுத்ததைத் தமிழ், சிங்கள ஊடகத்தாரும் மனித உரிமை அமைப்புகளும் எதிர்த்தார்கள். இவை அனைத்துக்கும் பொதுவான பிழை ஒன்று உண்டு. எல்லாமே சொல்லின் தன்மையை அளந்தன: எரிச்சலா, அவமதிப்பா, பொய்யா என்று. நான் கேட்கும் ஆணை சொல் எப்படிப்பட்டது என்று பார்க்காது. ஒரு குறிப்பிட்ட நபரை நோக்கி, அவர் மறுத்த பிறகும், திரும்பத் திரும்ப வருகிறதா என்று மட்டும் பார்க்கும். ஓர் அமைச்சரை மேடையிலும் எக்ஸ் தளத்திலும் ஆயிரம் முறை திட்டுகிறவர் இதற்குள் வர மாட்டார். தன் சொந்த எண்ணுக்கு இரவில் நூறு முறை அழைக்கிறார் என்று அந்த அமைச்சர் காட்டினால் வருவார். பொது வாழ்வில் இருப்போரின் பொதுப் பணியைப் பற்றிய பேச்சுக்கும் பத்திரிகையாளரின் விசாரணைக்கும் வெளிப்படையான விலக்கு எழுதப்பட வேண்டும். ஆணையிடும் அதிகாரம் நீதித்துறை நடுவரிடம் இருக்க வேண்டும். காவல்துறையிடமோ வருவாய்த் துறை அதிகாரியிடமோ அதைக் கொடுக்கக் கூடாது.

பிளாக் செய்துவிட்டுப் போகலாமே என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஒரு கணக்கை முடக்கினால் மறுநாள் இன்னொரு ஃபேக் ஐடி வருகிறது; அம்மாவின் வாட்ஸாப்புக்கு வருகிறது; அலுவலக மேலாளருக்கு வருகிறது. பெண்ணை இணையத்தை விட்டு வெளியேற்றுவது துரத்துகிறவனின் விருப்பத்தை நிறைவேற்றித் தருவதாகும். தண்டனையை இன்னும் உயர்த்தினால் போதும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் 2025-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சிறைத் தண்டனை உயர்த்தப்பட்டதே செய்தித் தலைப்புகளில் வந்தது. அந்தத் திருத்தத்தில் பாதுகாப்பு ஆணைக்கும் ஒரு வழி திறக்கப்பட்டிருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் தலைப்பாகியிருக்க வேண்டும். எத்தனை ஆண்டு சிறை என்பதை வழக்கு முடியும் நாளில்தான் ஒருவன் உணர்வான். ஆணை அவன் கையில் சேரும் நாளிலேயே வேலை செய்யத் தொடங்கும். பெரும்பாலான பெண்களுக்குத் தேவைப்படுவது அந்த நாள்தான்.

பொய்ப் புகார் பெருகும் என்ற மறுப்பைவிட நம் மண்ணில் என்னைக் கவலைப்படுத்தும் மறுப்பு வேறொன்று. வேறு சாதிப் பையனை விரும்பும் மகளை வீட்டில் அடைத்துவைத்து, அவள் பெயரிலேயே மனு எழுதி, அந்தப் பையனுக்கு எதிராகத் தொடர்புத் தடை வாங்க ஒரு குடும்பம் முயலாதா? முயலும். காதல் திருமணத்தைக் கடத்தல் வழக்காக மாற்றிக் காவல் நிலையத்தில் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கும்போது, இந்த ஆணையை மட்டும் விட்டுவைப்பார்கள் என்று நம்ப இடமில்லை. ஒரு தலித் இளைஞனுக்கு எதிராக அந்தத் தாள் எப்படிப் பயன்படும் என்பதை நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. ஆகவே இதை ஓரத்தில் குறிப்பாக எழுதாமல் சட்டத்தின் நடுவிலேயே வைக்க வேண்டும். வயது வந்தவர் சார்பில் பெற்றோரோ அண்ணனோ மனுப் போட முடியாது. நடுவர் அந்தப் பெண்ணைத் தனி அறையில், உறவினர், காவலர் யாரும் இல்லாமல், நேரில் கேட்டுவிட்டுத்தான் ஆணையிட வேண்டும். இடைக்கால ஆணை பிறந்த இரண்டு வாரத்துக்குள் எதிர்த்தரப்பை முழுமையாகக் கேட்க வேண்டும். அந்தப் பெண் எப்போது வேண்டுமானாலும் நேரில் வந்து ஆணையைத் திரும்பப் பெறலாம். இவ்வளவு பாதுகாப்போடு வரும் ஆணையால் நேர்மையான ஒருவர் இழப்பது, தன்னோடு பேச விரும்பாத ஒருவரோடு பேசும் வாய்ப்பை மட்டுமே. பெண்ணாலோ ஆணாலோ துரத்தப்படும் ஆணுக்கும், நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு கண்டுகொள்ளாத திருநருக்கும் இதே ஆணை கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. தண்டனைப் பிரிவை எல்லோருக்கும் பொதுவாக்குவதில் உள்ள சிக்கல்கள் ஆணையை எல்லோருக்கும் திறந்துவிடுவதில் இல்லை.

கடைசி மறுப்பு, அனுப்புகிறவர் யாரென்றே தெரியாதபோது யார் மீது ஆணையிடுவது என்பது. நிறுவனங்களோ அயல்நாட்டில் இருக்கின்றன, முகமோ பொய் முகம் என்கிறார்கள். இந்தக் கேள்விக்கான விடையைச் சென்னை உயர் நீதிமன்றமே பலமுறை எழுதியிருக்கிறது, வேறொரு துறையில். 2012-இல் '3' என்ற திரைப்படத்துக்கும், 2016-இல் 'கபாலி'க்கும், திருட்டுப் பிரதிகளைத் தடுக்க இணையச் சேவை நிறுவனங்களுக்கு அந்த நீதிமன்றம் ஆணையிட்டது. 2018 நவம்பரில் '2.0' வெளியாவதற்கு முன் 12,000-க்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்க உத்தரவு பிறந்தது. பெயர் தெரியாத எதிர்த்தரப்புக்கு எதிராகவும் ஆணை பிறப்பிக்கலாம், குற்றம் நிகழும் முன்பே பிறப்பிக்கலாம், அதை நிறைவேற்றும் கடமையை இடையில் உள்ள நிறுவனங்கள் மீது வைக்கலாம் என்ற கொள்கை நம் நீதிமன்றங்களில் நிலைபெற்றுவிட்டது. ஒரு தயாரிப்பாளரின் முதலீடு முதல் காட்சிக்கு முன்பே காக்கப்பட வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் கொள்கை குற்றவியல் நடுவர் நீதிமன்றம் வரை இறங்கி வர வேண்டும்; கணக்கின் பெயரைக் குறிப்பிட்டு, யார் என்று பின்னர் தெரியவரும் நபருக்கும் அவர் திறக்கும் மாற்றுக் கணக்குகளுக்கும் சேர்த்து, கட்டணமில்லாத ஓர் எளிய படிவத்தில் அந்த ஆணையைக் கேட்க ஒரு மாணவிக்கு வழி வேண்டும். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக மாவட்டந்தோறும் நியமிக்கப்பட்டுள்ள பாதுகாப்பு அலுவலர்கள் அந்தப் படிவத்தை நிரப்பித் தரலாம். குடும்ப உறவு என்ற நிபந்தனை இல்லாத இப்படியொரு சட்டத்துக்கு அந்த 2005 சட்டத்தின் 18, 23, 31 ஆகிய பிரிவுகளின் வாசகம் ஏற்கனவே கையில் இருக்கிறது. மாதிரி வரைவு ஒன்றை எழுதி மாநில சட்ட ஆணையத்துக்கும் சட்டத் துறைக்கும் அனுப்பும் வேலையை இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களே இந்தப் பருவத்துக்குள் முடித்துவிடலாம்.